திறப்பு யார் கையில்?

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் தூரம் பயணஞ் செய்வோர், செங்கலடியையும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் கடந்ததும் சித்தாண்டியை அடைவர். சித்திரவேலாயுத சுவாமி கோயிலாற் பெயர்பெற்ற ஊர் இது. வயலும் மாடுமே இவ்வூராருக்கும் அயலூராருக்கும் வாழ்வு. தெருவோரக் கடைகளில் தயிர்ச்சட்டிகள் அடுக்கியிருக்கும் காட்சியை அறியாதார் இப்பாதையால் ஒருமுறையேனும் வராதவரே.

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத நடுவில் இந்தத் தெருவோரத்திலே ஒரு கொட்டில் எழுந்தது. அதிலே மாட்டுப் பண்ணையாளர் வந்தமர்ந்தனர். மயிலத்தமடு, மாதவணை என்னும் மேய்ச்சல் தரைகளுள் வெளியார் புகுந்து பயிர் செய்கின்றனர்; எமது மாடுகள் சுடப்படுகின்றன, வாய்வெடி வைத்துக் கொல்லப்படுகின்றன என்பது அவர்களது முறைப்பாடு.

பட்டணத்து வாசகருக்கு ஈண்டு ஒன்றை விளக்குதல் வேண்டும். பெரும்போகத்தில் வயல்கள் விதைக்கப்பட்டதும் ஊரில் மாடுகளுக்கு இடமிராது. பட்டிகளை மேற்கே தூரத்துத் தரைகளுக்குச் சாய்த்துக்கொண்டுபோய், அறுவடை முடிந்த பின்னரே திருப்பிக் கொண்டுவருவர். தரை போனாற் பட்டி போகும். பட்டி போனாற் பாலும் போகும். அந்நிலமோ மகாவலி அதிகாரசபையின் ஆளுகைக்குட்பட்டது. ஆகவே வழக்கு அயலானோடு மாத்திரம் முடிவதாயில்லை; அரசாங்க அலுவலகத்து வாசல்வரை நீண்டது. கொட்டிலிலிருந்தோர்க்கு ஆதரவு தெரிவிக்க வந்து திரும்பிய பல்கலைக்கழக மாணவர் சிலர் அவ்வாண்டு நவம்பரிற் கைதுஞ் செய்யப்பட்டனர். போராட்டமோ நூறு நாட்களையுந் தாண்டிச் சென்றது.

2024 பெப்ரவரியில் ஒருநாள் நாமும் அக்கொட்டிலிற் சிறிது நேரம் இருந்தோம். முதியவர் ஒருவர் மடியிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து எம்மிடம் நீட்டினார். தாடை சிதைந்து கிடந்த ஒரு பசுவின் படம் அது.

“சேர், இதப் பேஸ்புக்கில போட்டா இப்ப புடிப்பாங்களாம். மெய்தானா?” என்று கேட்டார்.

“ஆர் சொன்னது, பெரியப்பா?”

“பேரன்தான் சொன்னான். புதுச் சட்டமாம். பொய் சொன்னா அஞ்சு வருசமாம். இந்த மாடு செத்தது பொய்யா, சேர்?”

நாம் உடனே விடை கூறவில்லை. மாணவர் கேள்விக்கு விடை சொல்லியே காலங்கழித்தவர் நாம்; ஆயினும் அன்று வாயடைத்துப்போனோம். வீடு திரும்பியபின், அந்தச் சட்டத்தை எடுத்து முதலிலிருந்து முடிவுவரை படித்தோம்.

பேரன் சொன்னது மெய்யே. அதன் பெயர் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். சித்தாண்டியிற் கொட்டில் எழுந்த அதே செப்டெம்பர் மாதத்திலேதான் அதன் சட்டமூலமும் வெளியிடப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பொன்றுமில்லை, காலம் செய்யும் விளையாட்டு அது. சட்டமூலத்தை எதிர்த்துப் பலர் உயர் நீதிமன்றத்தை நாடினர். முப்பதுக்கு மேற்பட்ட வாசகங்களைத் திருத்தினாலன்றிச் சாதாரண பெரும்பான்மையால் அதனை நிறைவேற்றலாகாது என்று நீதிமன்றம் கூறிற்று. 2024 ஜனவரி 24ஆந் திகதி ஆதரவாக 108 வாக்குகளும் எதிராக 62 வாக்குகளும் பெற்று அது நிறைவேறியது. பெப்ரவரி முதலாந் திகதி சபாநாயகர் ஒப்பமிட்டார். நீதிமன்றம் கேட்ட திருத்தங்கள் யாவும் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சியினர் சபாநாயகர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணையே கொண்டுவந்தனர்; அது தோற்றது.

சட்டம் சொல்வது யாது? சனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்று இருக்கும். நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். ஒரு கூற்று ‘தடைசெய்யப்பட்ட கூற்று’ என்று இவ்வைவருங் கண்டால், அதனை இருபத்துநான்கு மணி நேரத்துள் அகற்றுமாறு கட்டளையிடலாம். தேசப் பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ ஊறு விளைக்கும், அன்றி மக்கட் பிரிவினரிடையே பகைமை வளர்க்கும் பொய்க்கூற்றைப் பரப்பியவனுக்கு ஐந்தாண்டுவரை சிறை, அல்லது ஐந்து இலட்சம் ரூபாவரை தண்டம், அல்லது இரண்டும்.

பொய்யைத் தண்டிப்பதில் யாருக்கு மறுப்பு? ‘எது பொய்’ என்பதிலேதான் எமக்குத் தலை சுற்றுகிறது. மாடு செத்தது மெய், படம் சாட்சி. யார் கொன்றார்? முதியவர் ஒருவரைச் சொல்வார், அம்மனிதர் மறுப்பார். விசாரணை முடியாதவரை முதியவரின் சொல் மெய்யா, பொய்யா? அத்தரையிலோ, மேய்ப்பவர் தமிழர்; பயிர் செய்ய வந்தோர் சிங்களவர். ஆகவே மாடு செத்ததைப் பற்றிய ஒரு முறைப்பாட்டையே ‘பிரிவினரிடையே பகைமை வளர்த்தல்’ என்று வாசிக்க விரும்புவோருக்கு அதிக சிரமமிராது. சட்டத்தை எழுதியவர் அவ்வாறு எண்ணினாரென்று நாம் சொல்லவில்லை. கத்தி செய்தவனை விட்டுக் கத்தியைப் பார்த்தே பேசுகிறோம்.

வீண் அச்சம் என்று சிலர் கூறலாம். அவர்கள் றம்ஸி றாஸிக் என்பவரின் கதையை அறிதல் நன்று. அவர் கண்டி மாவட்டத்தவர்; ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். இனப்பகைப் பிரசாரத்தை எதிர்த்துப் பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு கருத்துப்போர் புரியவேண்டும் என்று 2020இல் முகநூலில் எழுதினார். அதில் ‘ஜிஹாத்’ என்ற ஒரு சொல் இருந்தது. போதாதா? ஏப்ரலிற் கைதானவர் செப்டெம்பரிலேதான் பிணையில் வெளிவந்தார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது, மெய், மூன்றாண்டு பிந்தி. அவரைச் சிறையிட உதவிய சட்டமோ, மக்களின் குடியியல் உரிமைகளைக் காப்பதற்கென்று 2007இல் இயற்றப்பட்டது! நல்ல பெயரோடு பிறக்கும் சட்டங்களைக் கண்டு நாம் அஞ்சுவதற்குக் காரணம் இதுவே.

எனினும் இந்நோய் அரசாங்கத்தின் கற்பனை என்றும் சொல்லற்க. எமக்குத் தெற்கேயுள்ள அம்பாறையில் 2018 பெப்ரவரியில் நிகழ்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில், ஆண்மையைப் போக்கும் மாத்திரை கறியிற் கலக்கப்படுகிறதென்று கூச்சல் எழுந்தது. சூழ்ந்துநின்ற கூட்டத்தின் சிங்களம் சரிவர விளங்காத கடைக்காரர் அச்சத்தில் ஏதோ ஆமென்று சொல்லிவைக்க, அதனைப் படம்பிடித்து ஊரெங்கும் பரப்பினர். அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது கண்டது மாவு! வெறும் மாவுக்கட்டி. ஆயின் சோதனை முடிவு நடந்து வந்தது; பொய்யோ பறந்துபோயிற்று. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் சுற்றூர்களிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன.

அப்பொழுது முகநூற் கம்பனி என்ன செய்தது? சிங்களத்திலெழுந்த பகைமொழியைப் படித்தறியப் போதிய ஆட்களை அது வைத்திருக்கவில்லை. மொழியறிந்தோர் முறையிட்டும் பல பதிவுகள் அகற்றப்படாமலே கிடந்தன. இந்நாட்டுச் சமூக அமைப்புகள் கம்பனித் தலைவர் மார்க் சக்கர்பேர்க்குக்கு அவ்வாண்டு ஏப்ரலிற் பகிரங்கக் கடிதமே எழுதின. இரண்டாண்டு கழித்து, 2020 மே மாதத்திற் கம்பனி வருத்தந் தெரிவித்தது. வாசகர்களே, ஒரு தேநீர்க்கடை முதலாளி தன் கடையில் நிகழ்ந்த சண்டைக்கு இரண்டாண்டு கழித்து வருத்தந் தெரிவித்தால் ஊரார் அவனை என்ன சொல்வர்? எமது மொழியை விற்பனைப் பொருளாக்கத் தெரிந்தவனுக்கு அதனை வாசிக்க மாத்திரம் தெரியாமற் போயிற்று. எமது பேச்சே அவன் சரக்கு. எத்துணை நேரம் நாம் கண் எடுக்காமற் பார்க்கின்றோமோ அத்துணை விளம்பரப் பணம். சினத்தைக் கிளப்பும் செய்தியைச் சாந்தமான செய்தியிலும் பார்க்க மனிதர் நெடுநேரம் பார்ப்பர். சந்தையிற் சண்டை நடந்தாற் கூட்டம் கூடுவதை அறியாதார் யார்?

கம்பனி வாளாவிருக்க, அரசாங்கம் என்ன செய்தது? கதவைப் பூட்டியது. 2018 மார்ச்சில் ஒரு வாரம். 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பின்பின் மீண்டும். 2022 ஏப்ரல் 3இல், பொருளாதார நெருக்கடியை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்க முற்பட்டபோது, ஏறத்தாழப் பதினைந்து மணி நேரம்.

இவற்றுள் 2019ஆம் ஆண்டுப் பூட்டு எம்மூர்களில் எவ்வாறு உணரப்பட்டதென்பதைச் சொல்லல் வேண்டும். அன்று காலை மட்டக்களப்பு நகரில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்புக்கு வந்த குழந்தைகளும் மாண்டனர். வீட்டுக்கு வீடு ஒருவர் வளைகுடா நாட்டில் உழைக்கும் பிரதேசம் இது. கட்டாரிலும் சவூதியிலுமிருந்த தாய்மார் தம் பிள்ளைகள் உயிரோடிருக்கின்றனரா என்றறிய நாள்தோறும் பேசும் வைபரையும் வட்சப்பையுமே நாடினர், அவையோ மூடிக்கிடந்தன. சர்வதேச அழைப்பெடுக்கக் காசிருந்தவர் எடுத்தனர். வதந்தி பரப்ப விரும்பியவரோ வி.பி.என். என்னும் புறவழியால் உள்ளே நுழைந்து தம் காரியத்தைச் செய்துகொண்டேயிருந்தனர். பூட்டினாற் கள்ளனுக்குக் குறையொன்றுமில்லை. வீட்டுக்காரனே வெளியில் நின்றான். 2022ஆம் ஆண்டுத் தடையின்போது, அப்போதைய அமைச்சரும் ஆளுங் குடும்பத்தவருமான நாமல் இராஜபக்ஷவே, வி.பி.என். இருக்கும்போது இத்தகைய தடைகள் பயனற்றவை என்று பகிரங்கமாகச் சொன்னார்.

கடலுக்கப்பால் தூத்துக்குடியிலும் இதனையொத்த ஒன்று நடந்தது. அங்கே ஸ்டெர்லைட் செப்பு ஆலை காற்றையும் நீரையும் கெடுக்கிறதென்று மக்கள் போராடினர். நூறாவது நாளாகிய 2018 மே 22இல் ஊர்வலமாகச் சென்றோர்மீது பொலிசார் சுட்டனர்; அச்சூட்டில் மாண்டோர் பதின்மூவர். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் அரசாங்கம் இணையத்தை நிறுத்தியது. வதந்தியைத் தடுக்கவாம். சுடப்பட்டது வதந்தியன்று, ஆயினும் சுடப்பட்டோரின் உறவினர் தாம் கண்டதைச் சொல்லும் வழியும் அதனோடு அடைபட்டது. ஆலையை மூட அரசாங்கம் மே 28இல் உத்தரவிட்டது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பொலிசார் வரம்பு மீறினரென்று பின்னர் அறிக்கையிட்டது. கம்பனி, அரசாங்கம், கைத்தொலைபேசி மூன்றும் ஒரே ஊரிற் சந்தித்த இடம் அது.

சித்தாண்டியிற் சுடவுமில்லை, இணையத்தை நிறுத்தவுமில்லை. ஆயினும் தூத்துக்குடியாரின் நூறாம் நாளை எண்ணுந்தோறும் எம்மூர்க் கொட்டில் நினைவில் எழாமலிருப்பதில்லை.

பத்திரிகைக் காலத்திலும் இவ்வாசை அரசாங்கங்களுக்கு இருந்ததுதான். ஏரிக்கரைப் பத்திரிகை நிறுவனத்தைக் கைக்கொள்ள விரும்பிய சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம், 1964 டிசம்பரில் ஒரே ஒரு வாக்கினாற் பாராளுமன்றத்திற் தோற்றது. 1973இல் மீண்டும் ஆட்சியிலிருந்தபோது நினைத்ததை முடித்துக்கொண்டது. ஆயின் அக்காலத்துக்கும் இக்காலத்துக்கும் ஒரு வேறுபாடுண்டு. அக்காலத்துப் பத்திரிகை முதலாளி கொழும்பில் இருந்தார். வழக்குத் தொடரலாம், வாசலில் நின்று கத்தவுஞ் செய்யலாம். இக்காலத்து முதலாளியின் வாசல் கலிபோர்னியாவில். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் உண்மைச் சரிபார்ப்பை நிறுத்துவதாக அக்கம்பனித் தலைவர் ஒருநாள் அறிவித்தார். ஓர் அறிவிப்பு, அவ்வளவே. எந்தப் பாராளுமன்றத்திலும் வாக்கெடுக்கப்படவில்லை. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் கம்பனிகளின் கூட்டமைப்பும் எதிர்த்ததுண்டு. அவர்கள் எம்பொருட்டு எதிர்த்தனர் என்றெண்ணி மகிழ நாம் அத்துணை பேதையரல்லர்.

நாம் கேட்பது பெரிதன்று. எது பொய் என்பதை ஐவர் அறையிலிருந்து முடிவு செய்யாது, குற்றஞ்சாட்டப்பட்டவன் நின்று பேசக்கூடிய பகிரங்க நீதிமன்றம் முடிவு செய்யட்டும். தமிழிலும் சிங்களத்திலும் வியாபாரஞ் செய்யும் கம்பனி, அவ்விரு மொழியும் அறிந்தோரை இந்நாட்டில் அமர்த்தி, முறைப்பாட்டுக்கு இத்தனை நாளில் விடை தருவேனென்று சட்டத்தின்முன் கட்டுப்படட்டும். கதவைப் பூட்டும் கட்டளை எழுத்தில், காரணத்தோடு, முடிவுத் திகதியோடு வெளிவரட்டும். 2024இன் இறுதியில் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் இச்சட்டத்தைத் திருத்துவதாகக் கூறியது. திருத்துவோர் ‘பொய்’ என்னுஞ் சொல்லுக்கு வரைவிலக்கணம் எழுதும்போது, ஒரு மாட்டுக்காரனின் முறைப்பாட்டை அருகில் வைத்துக்கொண்டு எழுதுவாராக.

முதியவரின் கதை எஞ்சியிருக்கிறது. சட்டத்தைப் படித்து முடித்து, இரண்டு நாளின்பின் மீண்டும் கொட்டிலுக்குப் போனோம். நடந்ததை நடந்தபடி எழுதுக, கண்டதை மாத்திரஞ் சொல்க, இன்னார் செய்தாரென்று பெயர் குறிக்காதிருக்க. அதே படத்தோடு பிரதேச செயலாளருக்கும் பொலிசுக்கும் பதிவுத் தபாலில் மனுவொன்றும் அனுப்புவோம் என்று சொன்னோம். அவர் பொறுமையோடு கேட்டிருந்தார்.

“அத அண்டைக்கே பேரன் போட்டுட்டான், சேர். நீங்க போன கையோட,” என்றார்.

“பிறகு?”

“நாலு பேர் அழுத மூஞ்சி போட்டிருக்காங்க. மனுவ எழுதுங்க, கையொப்பம் வைக்கிறன்.”

கொப்பியிலிருந்து தாள் கிழித்து, கொட்டிலின் வாங்கிலிருந்தே எழுதத் தொடங்கினோம்.