டீச்சர் ஆகணுமா? பத்தாம் வகுப்பு முடிஞ்சதுமே யோசிக்கணும்!



போன மாதம் கிளாவரையில் குழுக் கூட்டம் நடந்தது. சேமிப்பு, உள்கடன் வரவு எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு அக்கா கண் கலங்கிட்டாங்க. பூண்டு விற்ற காசிலும் குழுக் கடனிலும் மகளை பி.காம். படிக்க வைத்தவர் அவர். "டீச்சர் ஆவேன்" என்று சின்ன வயசிலிருந்தே சொல்லும் பிள்ளை. பட்டம் வாங்கிக்கிட்டு பி.எட். சேரப் போனால், "பி.காம். மட்டும் போதாது, எம்.காம். முடிச்சிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னும் இரண்டு வருடப் படிப்பு, இரண்டு வருடச் செலவு.

தப்பு அந்தப் பிள்ளை மேல் இல்லை. முன்னாடியே எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. மேல்மலையில் பஸ் போகும் கடைசி ஊரில் இருக்கிற நமக்கு, சேதியும் கடைசியாகத்தான் வருது. அதனால் இந்த மாதம் இதையே விளக்கமாக எழுதுகிறோம்.

எந்த வகுப்புக்கு என்ன படிப்பு?

1 முதல் 5 வரை கற்பிக்க: பிளஸ் டூ முடித்து 2 ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு.

6 முதல் 10 வரை கற்பிக்க: ஒரு பட்டம், அதோடு பி.எட். இவர்களைத்தான் பட்டதாரி ஆசிரியர் என்கிறோம்.

11, 12-க்குக் கற்பிக்க: முதுகலைப் பட்டமும் பி.எட்.டும்.

6 முதல் 10 வரை பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க? தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். வணிகவியல் 11-ஆம் வகுப்பில்தான் வருது. அதனால்தான் பி.காம். படித்தவரிடம் எம்.காம். கேட்கிறாங்க. பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல், மனையியல் படித்தவர்களுக்கும் இதே கதைதான். முதுகலை முடித்தால்தான் பி.எட். கிடைக்கும்.

நடுநிலை, உயர்நிலைப் பள்ளி டீச்சர் ஆகணும்னா தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் வாங்குவது நேர்வழி. வேறு பெயரில் உள்ள பட்டம் என்றால், அது இவற்றுக்குச் சமமா என்று சேருவதற்கு முன்பே கேட்டுக்கோங்க.

கல்லூரியில் கணிதம் எடுக்கணும்னா 11-ஆம் வகுப்பிலேயே கணக்கு இருக்கிற குரூப்பில் சேர்ந்திருக்கணும். விதைப்பூண்டை நடுகிற அன்னிக்குப் போய் தேட மாட்டோம்; முன்னாடியே பொறுக்கி எடுத்து வைப்போம். இதுவும் அப்படித்தான்.

பி.எட். படிப்பு எப்படி இருக்கும்?

முன்பு ஓராண்டு. 2015-16 முதல் 2 ஆண்டு ஆகிவிட்டது. குழந்தைகளின் மனவளர்ச்சி, பாடம் நடத்தும் முறை, கேள்வித்தாள் தயாரிப்பது, மதிப்பிடுவது எல்லாம் சொல்லித் தருவாங்க. முதலில் நுண்ணிலைக் கற்பித்தல். அதாவது, கூடப் படிக்கிறவங்களையே மாணவராக உட்கார வைத்து, சில நிமிடம் மட்டும் ஒரு சின்னப் பாடம் நடத்திப் பழகுவது. பிறகு பள்ளிக்கே போய்ப் பயிற்சி. இரண்டு ஆண்டில் மொத்தம் 20 வாரம். பாடக்குறிப்பு, சார்ட், ரெக்கார்டு நோட்டு என்று ராத்திரியில் வேலை இருந்துகிட்டே இருக்கும். வீட்டில் அந்த நேரத்தில் பிள்ளையை வேறு வேலைக்குக் கூப்பிடாதீங்க.

"வகுப்புக்கே வரவேண்டாம், பணம் கட்டினால் போதும்" என்று சொல்லும் தரகரை நம்பாதீங்க. வகுப்புக்கு 80 சதவீதமும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகை வேண்டும் என்பது விதி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்க. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் செலவு குறையும்.

1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. பழனியிலும் திண்டுக்கல்லிலும் மகளிர் கல்லூரிகள் உண்டு. முதலில் அங்கே விசாரியுங்க.

பி.எட். முடித்தால் வேலை வந்துடுமா?

வராது. இதை மறைக்காமல் சொல்லணும். ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், எழுதணும். தமிழ்நாட்டில் இது 2012-இல் தொடங்கியது. 6 முதல் 8 வரை கற்பிக்க இரண்டாம் தாள். மொத்தம் 150 கேள்வி, 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் உளவியலும் 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணக்கும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல். பொதுப்பிரிவினர் 90 எடுக்கணும். மற்றப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கோங்க. ஒருமுறை தேர்ச்சி பெற்றால் சான்று ஆயுளுக்கும் செல்லும்.

அரசுப் பள்ளி வேலைக்கு டெட் மட்டும் போதாது. ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் நியமனத் தேர்விலும் மதிப்பெண் எடுக்கணும். சில ஆண்டு காத்திருக்க வேண்டியும் வரலாம். மனம் தளராதவங்களுக்குத்தான் இந்த வழி.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

1. 6 முதல் 10 வரையிலான பழைய பாடப்புத்தகங்களை எடைக்குப் போடாதீங்க. டெட் தேர்வுக்கு அதுதான் அடிப்படை. அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களிடமும் கேட்டு வாங்கி வையுங்க.

2. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. பள்ளியிலிருந்து படித்த எல்லாப் படிப்பும் தமிழ் வழியில் இருக்கணும். ஒவ்வொரு இடத்தை விட்டு வரும்போதும் அதற்கான சான்றிதழைக் கையோடு வாங்கிடுங்க.

3. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்பிள்ளைகளுக்காகக் கொண்டுவரப்பட்டது. முதல் பட்டம் முடிக்கும்வரை மாதம் ரூ.1000 தருவதாக வந்தது. இப்போதைய விவரத்தைக் கல்லூரியில் கேளுங்க.

4. வட்டிக்கு வாங்கும் முன் வங்கியில் கல்விக்கடன் கேளுங்க. ரூ.4 லட்சம் வரை பொதுவாகச் சொத்து ஈடு தேவையில்லை. பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும்.

அந்த அக்காவின் மகள் எம்.காம். சேரலாம்னு முடிவு செஞ்சிருக்கா. முடித்துவிட்டு பி.எட். படித்தால் 11, 12-க்கு வணிகவியல் டீச்சராக வரலாம். பாதை நீளம்தான், ஆனால் அடைக்கலை. அடுத்து வரும் பிள்ளைக்கு அந்த நீளம் வேண்டாமே!

அதனால் வரும் கூட்டத்தில் தீர்மான நோட்டில் ஒரு வரி சேர்ப்போம்: "நம் குழுவில் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண்பிள்ளைகள் யார் யார்? அவர்கள் என்ன ஆக விரும்புகிறார்கள்?" ஊக்குநர்கள் பெயர்களை எழுதி கூட்டமைப்புக்குக் கொடுங்க. குரூப் எடுக்கும் முன்னாடியே உட்கார்ந்து பேசுவோம்.