சாரல் காற்றும் சென்சார் விளக்கும்

ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியே இறங்கும் காற்று, சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அதே காற்று குற்றாலம், தென்காசி, செங்கோட்டை வீடுகளின் பின்பக்கம் வாழை இலையை ஆட்டி, ஆள் வந்தால் மட்டும் எரிய வேண்டிய சென்சார் விளக்கை ஆளில்லாமலே எரியவும் வைத்துவிடும். சென்சார் போட்டால் கரண்ட் மிச்சம் என்பது உண்மைதான். எந்த விளக்குக்கு, எந்த இடத்தில் என்று கேட்டால்தான் எவ்வளவு மிச்சம் என்பது தெரியும்.

வாசலில் 60 வாட் குண்டு பல்பு இரவில் 12 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்குச் சுமார் 263 யூனிட். அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. என்றால் 39 யூனிட். பெரிய மிச்சம் இங்கேயே கிடைத்துவிடுகிறது. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் விநியோகிக்கப்பட்டதன் பலனும் இதுதான். அந்த 9 வாட் பல்பை சென்சாரோடு இணைத்து, இரவில் மொத்தம் அரை மணி நேரம் மட்டும் எரியவிட்டால் ஆண்டுக்கு 2 யூனிட்கூட ஆகாது. ஆனால் சென்சார் இரவும் பகலும் விழித்திருக்கிறது. அது அரை வாட் எடுத்தாலே ஆண்டுக்கு 4 யூனிட்டுக்கு மேல் போகும். விளக்கைவிடக் காவலுக்குத்தான் செலவு அதிகம். ஆகவே, விடிய விடிய எரியும் 30 வாட் ஃபிளட் லைட்டுக்கு சென்சார் வைத்தால் ஆண்டுக்கு 120 யூனிட் வரை மிஞ்சும். தினம் கால் மணி நேரம் கையால் போட்டு அணைக்கிற கொல்லைப்புற பல்புக்கு வைத்தால் செலவு கூடத்தான் செய்யும். கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

வீடுகளில் அதிகம் மாட்டப்படும் பி.ஐ.ஆர். சென்சார் கவனிப்பது வெப்பத்தின் நகர்வை. நம் தோல் ஏறத்தாழ 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில்தான் மிகுதியாக அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. சூடு மாறினால் மின்னேற்றம் காட்டும் பொருள் ஒன்று சென்சாருக்குள் இருக்கிறது. இந்தப் பண்பை ஐரோப்பா அறிந்துகொண்டது, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து கொண்டுபோன டூர்மலின் கல்லால். சூடேற்றினால் அது சாம்பலை இழுத்தது. சென்சாரின் மேலே உள்ள வெள்ளை பிளாஸ்டிக் மூடி, பல சிறு லென்ஸ்களாக முற்றத்தைப் பட்டை பட்டையாகப் பிரிக்கிறது. ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு வெப்பம் தாவினால் விளக்கு எரியும். அதனால் குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடித்துவிடும். நேராக வருபவரைச் சற்றுத் தாமதமாகத்தான் உணரும்.

இனி குற்றாலத்தின் சாரல் சீசனுக்கு வருவோம். கத்திரி வெயிலில் சுவரும் தரையும் நம் தோலின் சூட்டை நெருங்கிவிடுவதால் சென்சார் தடுமாறும். சாரல் தொடங்கிச் சுற்றுப்புறம் குளிர்ந்ததும் அதன் பார்வை கூர்மையாகி, தெருவில் போகிறவருக்கும் விளக்கு எரியும். பகல் வெயிலின் சூடு தங்கிய சுவருக்கு முன் கிளை ஆடினாலும் ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. இந்த அகச்சிவப்புக் கதிரைத் தண்ணீர் விழுங்கிவிடும் என்பதால், லென்ஸில் நீர்ப்படலம் படிந்தால் எதிரே நிற்பவரையும் காணாது. சன்ஷேடுக்கு அடியில், சாரல் படாத இடத்தில், மரத்தைப் பார்க்காமல் நடைபாதைக்குக் குறுக்காகத் திருப்பி வைத்தால் இரண்டு தொல்லையும் குறையும். மைக்ரோவேவ் வகை சென்சார் இங்கே வெளிப்புறத்துக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. அதற்குச் சூடு தேவையில்லை. ஆடும் இலையும் பெய்யும் மழையுமே போதும்.

சோலார் சென்சார் விளக்கு வாங்குபவர்கள் திசையையும் யோசிக்க வேண்டும். தென்காசி ஏறத்தாழ 9 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடு வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் நிற்கும். தெற்குச் சுவரில் செங்குத்தாகப் பதித்த பேனலுக்கு அந்த மாதங்களில் உச்சிவெயிலே விழாது. சீசன் மேகமும் சேர்ந்தால் நள்ளிரவுக்கு முன்பே பேட்டரி தீர்ந்துவிடும். படுக்கை வாட்டில் மேல்நோக்கிப் பொருத்தக்கூடிய தனி பேனல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆள் வந்தால் மட்டும் விளக்கு எரிவதில், யூனிட் கணக்கில் வராத இன்னொரு லாபமும் இருக்கிறது. மேற்கே எழும் மலையில் 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. அடிவாரத்தில் இரவெல்லாம் எரியும் ஒவ்வொரு விளக்கும் அந்துப்பூச்சியையும் ஈசலையும் இழுத்து அங்கேயே சுற்றிச் சுற்றிச் சாகவைக்கிறது. மின்மினி தன் இணையைத் தேடுவது ஒளியைக் கொண்டுதான். வெளிச்சம் மிகுந்தால் அந்த அழைப்பு எடுபடாது. நீலம் கலந்த வெள்ளை ஒளியைவிட மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும். பூச்சி குறைந்தால் லென்ஸ் மேல் பல்லி ஊர்ந்து வீணாக விளக்கெரிவதும் குறையும்.

குற்றாலத்தில் விடுதி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். மலையைப் பார்த்துத் திருப்பிய ஃபிளட் லைட்டைத் தரையைப் பார்க்கத் தாழ்த்துங்கள். சென்சாரின் அடியில் இருக்கும் நேரக் குமிழைப் பல நிமிடங்களிலிருந்து ஒரு நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள். ஸ்குரூ டிரைவர் ஒன்று போதும்.