8 மணி நேரமா, 12 மணி நேரமா? ‘சரி, 10-னு வெச்சுக்கலாம்’ என்பதில் என்ன தப்பு?

2023 ஏப்ரல் 21. சட்டப்பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். தினசரி வேலை நேரத்தை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. திமுகவின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன.

அன்று சாயங்காலம் கடம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் இப்படி ஒரு பேச்சு நடந்ததாக வைத்துக்கொள்வோம். காக்களூர் தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டுபவர், “8 மணி நேரத்துக்கு மேல உடம்பு தாங்காதுண்ணே” என்கிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சூப்பர்வைசராக இருப்பவர், “ஆர்டர் குவியும்போது 12 மணி நேரம் ஓட்டினாத்தான் தம்பி கட்டுப்படியாகும்” என்கிறார். பக்கத்தில் இருந்த பெரியவர் தீர்ப்பு சொல்கிறார்: “ஏம்பா சண்டை? பொதுவா 10-னு வெச்சுக்குங்க.”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தர்க்கவியலில் இது ஒரு பிழை.

அது என்ன பிழை?

இரண்டு தரப்பு மோதும்போது, நடுவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நடுப்புள்ளியைச் சரி என்று நம்பிவிடுவதுதான் இந்தப் பிழை. நடுவழிப் போலி எனலாம். ரயில் 6.10-க்கு என்கிறார் ஒருவர், 6.50-க்கு என்கிறார் இன்னொருவர். நடுவே 6.30-க்குப் போய் நின்றால் என்ன ஆகும்? ஒன்று ரயில் போயிருக்கும், இல்லை 20 நிமிஷம் கொசுக்கடி. டைம்டேபிளைப் பார்ப்பதுதான் வழி.

டிவி விவாதங்களுக்கும் இது பொருந்தும். இரண்டு பக்கமும் நாற்காலி போட்டுவிட்டதாலேயே உண்மை நடுவில் வந்து உட்கார்ந்துவிடாது.

நடுநிலை தப்பா அப்போ?

இல்லை. திருக்குறளின் 12-வது அதிகாரமே ‘நடுவு நிலைமை’தான். அதில் வள்ளுவர் காட்டும் உவமை தராசு. எடை வைக்கும் முன் அது சமமாக நிற்க வேண்டும்; வைத்த பிறகு கனமான பக்கம் இறங்க வேண்டும். எதை வைத்தாலும் நடுவிலேயே நிற்கிற தராசை எந்தக் கடைக்காரரும் வைத்துக்கொள்ள மாட்டார்!

அதேபோல, பேரம் பேசி ஒரு இடத்தில் உடன்படுவதும் பிழை அல்ல. அது ஒப்பந்தம். “நடுவில் முடிந்தது, அதனால் அதுதான் நியாயம்” என்று சொல்லும்போதுதான் சிக்கல்.

சரி, 10 என்பது உண்மையிலேயே நடுவா?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 1911 தொழிற்சாலைச் சட்டப்படி, துணி ஆலைகளில் வயது வந்த ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை. 1919-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை நாளுக்கு 8, வாரத்துக்கு 48 என்றது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தனிச் சலுகையாக வாரம் 60! அதன்படி 1922-ல் நாளுக்கு 11, வாரத்துக்கு 60 ஆனது. 1934 சட்டத்தில் ஆண்டு முழுக்க இயங்கும் ஆலைகளுக்கு 10 மற்றும் 54. 1946-ல் 9 மற்றும் 48. 1948 சட்டமும் அதையே வைத்துக்கொண்டது. 48-ஐ ஆறு நாளுக்குப் பிரித்தால் வருவதுதான் நாம் பேசும் 8.

ஆக, பெரியவர் சொன்ன 10 புதிய சமரசம் அல்ல, 1934-ன் சட்டம். 1911-ல் நின்று பார்த்தால் அது முன்னேற்றம், 2023-ல் நின்று பார்த்தால் பின்னால் போவது. இன்னொன்று: சூப்பர்வைசர் 12-க்குப் பதில் 16 என்று ஆரம்பித்திருந்தால், பெரியவரின் ‘நியாயமான நடு’ 12 ஆகியிருக்கும். காய்கறிக் கடையில் பேரம் பேசிய எல்லாருக்கும் தெரிந்த வித்தைதானே இது?

அப்படியானால் எதை எடை போட வேண்டும்?

வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது. 4 நாள் வேலை, 3 நாள் விடுமுறை. தொழிலாளி விரும்பினால் மட்டுமே என்றது அரசுத் தரப்பு. அந்த உறுதி நின்றால் கணக்கு ஒன்று. ஓவர்டைம் சேர்ந்து அது கரைந்தால் கணக்கு வேறு. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லியிருக்கின்றன. வேலையே போய்விடுமோ என்று பயப்படும் கான்ட்ராக்ட் தொழிலாளியால் “எனக்கு விருப்பமில்லை” என்று சொல்ல முடியுமா? ரயிலிலும் கம்பெனி பஸ்ஸிலும் போகிற நேரம் யார் கணக்கு? 10 என்ற எண்ணில் இவை எதற்கும் பதில் இல்லை.

தொழிற்சங்கங்களுடன் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஏப்ரல் 24-ல் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று, சென்னை சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் முதல் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக 100 ஆண்டுகள்.