கடல் கடந்த செங்கொடி – 17: செங்கம் ரோடும் நைரோபியும்

போன வாரம் ஜோகன்னஸ்பர்க்கில் நிறுத்தினேன். தம்பி நாயுடுவின் மகன் நாரணசாமி, காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையில் வளர்ந்து, பிறகு டாக்டர் தாதூவின் இடதுசாரி அணியில் போய்ச் சேர்ந்த கதை. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள், மறுபடி சொல்ல இடமில்லை.

இந்த வாரம் டர்பனின் ஃபால்கர்க் இரும்பு ஆலை வேலைநிறுத்தம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். 1937. ஜார்ஜ் பொன்னன், எச்.ஏ. நாயுடு என்ற இரண்டு இளைஞர்கள். குறிப்புகளை எல்லாம் எடுத்து மேசைமேல் அடுக்கியும் வைத்தாயிற்று. கெடுத்தவர் ஒரு தோழர்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலக் கூட்டம் விட்டுப்போன பேப்பர் கப்புகளும் தண்ணீர் பாட்டில்களும் செங்கம் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் குவிந்து கிடந்தன. ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். தோழர் ஓய்வுபெற்ற வாத்தியார். இந்தத் தொடரை வாராவாரம் படித்துவிட்டு மார்க் போடுகிறவர்.

"எல்லாம் சரி தோழர். ரமண நகர்ல உட்கார்ந்துக்கிட்டு ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கான்னு எழுதறீங்க. இந்தத் தெருவுக்கும் அதுக்கும் ஒரு நூலாவது உண்டா?"

இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். பாதி டீயில் ஒரு பெயர் ஞாபகம் வந்தது. மாரிஸ் ஃபிரிட்மன்.

ஆசிரமத்துப் புத்தகங்கள் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. போலந்துக்காரர், வார்சாவில் பிறந்த யூதர், மின்பொறியாளர். மைசூர் திவான் மிர்ஸா இஸ்மாயில் அழைத்து, 1930களின் நடுவில் பெங்களூர் அரசு மின்சாதனத் தொழிற்சாலையை நடத்த வந்தவர். கிடைத்த விடுமுறையில் எல்லாம் இங்கே வந்துவிடுவார். முனகால வெங்கடராமய்யா எழுதிவைத்த ரமணர் உரையாடல்களில் இவருடைய கேள்விகள் இருக்கின்றன. 1939இல் வெளிவந்த 'மகரிஷிஸ் காஸ்பல்' என்ற சின்னப் புத்தகத்தைத் தொகுத்ததில் இவர் கை உண்டு. காவி கட்டி பாரதானந்தர் ஆனார். காந்திக்காகத் தனுஷ் தக்ளி என்ற எளிய நூற்புக் கருவியை வடிவமைத்தார்.

ஞானம் தேடி வந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர் என்று இதுவரை நானும் தாண்டிப் போனதுண்டு. இந்த வாரம் தாண்ட முடியவில்லை. ஏனென்றால் ஃபிரிட்மன் ரமணருடைய ஹாலில் உட்கார்ந்து எழுந்து போன இன்னொரு இடம் அவுந்த்.

அவுந்த் என்பது இன்றைய மகாராஷ்டிரத்தில், சாத்தாரா பக்கம் சிதறிக் கிடந்த ஒரு குட்டி சமஸ்தானம். மொத்தம் 72 ஊர். ராஜா பவன்ராவ் பந்த் பிரதிநிதி ஓர் அலாதியான மனிதர். சூரிய நமஸ்காரத்தை நாடு முழுக்கப் பரப்பியவர். நம் பக்கத்துக் கிணறுகளில் ஓடிய கிர்லோஸ்கர் மோட்டாரை நினைத்துப் பாருங்கள். இடமில்லாமல் தவித்த கிர்லோஸ்கர் சகோதரர்களுக்கு 1910இல் தன் சமஸ்தானத்தில் நிலம் கொடுத்துப் பட்டறை போடச் சொன்னவரும் அவர்தான். கிர்லோஸ்கர்வாடி என்ற ஊரே அப்படி உண்டானது. (ஆசிரியர் இந்த இடத்தில் வெட்டுவார் என்று தெரியும். வெட்டக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.)

ராஜாவின் மகன் அப்பா பந்த் ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு பாரிஸ்டராகத் திரும்பி வந்த இளைஞர். அவரை ஃபிரிட்மன் பிடித்துக்கொண்டார். ராஜா தன் அதிகாரத்தை மக்களிடம் கொடுத்துவிடலாமே என்பது யோசனை. மற்ற சமஸ்தானங்களில் மக்களாட்சி கேட்ட பிரஜா மண்டலக்காரர்கள் அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1938 நவம்பரில் அவுந்த் ராஜா தானாகவே அதை அறிவித்தார். ஃபிரிட்மனும் அப்பா பந்தும் காந்தியிடம் போனார்கள். அரசியல் சட்டம் தயாராகி 1939 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கிராமப் பஞ்சாயத்துதான் அடிக்கல். பஞ்சாயத்துத் தலைவர்கள் கூடித் தாலுக்கா சபை, அங்கிருந்து போகிறவர்கள் சேர்ந்து சமஸ்தான சட்டசபை.

இன்னொரு காரியமும் நடந்தது. என்னை ஆட்டிவைத்தது அதுதான். அவுந்தில் மதில் இல்லாத சிறை ஒன்றைத் திறந்தார்கள். யோசனை ஃபிரிட்மனுடையது. ஆட்பாடி பக்கம், பெயர் சுதந்திரபுரம். கொலைக் குற்றவாளிகள் குடும்பத்தோடு தங்கி, நிலத்தைத் திருத்தி விவசாயம் செய்தார்கள். பூட்டு இல்லை, வார்டர் வரிசை இல்லை. இதை வைத்துத்தான் சாந்தாராம் 1957இல் 'தோ ஆங்கே பாரா ஹாத்' எடுத்தார். அது பெர்லின் வரை போய்ப் பரிசு வாங்கியது. 1975இல் தமிழுக்கு வந்தது. பெயர் 'பல்லாண்டு வாழ்க'.

ஆமாம், எம்.ஜி.ஆர். நடித்த அதே படம்.

டீக்கடையில் இதைச் சொன்னபோது தோழர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். கடைக்காரரும் பாய்லரை விட்டு எட்டிப் பார்த்தார். "நம்ம ஆசிரமத்து சாமி கதையா சார் அது?" என்றார். கைதிகளை நம்பித் திறந்தவெளியில் வைக்கிற அந்த ஜெயில் அதிகாரி எம்.ஜி.ஆருக்குப் பின்னால், இதே தெருவில் மாடும் மயிலும் குறுக்கே போகக் காவி வேட்டியில் நடந்த ஒரு வார்சா எஞ்சினியர் இருக்கிறார் என்பது எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. ஃபால்கர்க் குறிப்புகள் மேசையிலேயே கிடந்தன.

"எம்.ஜி.ஆர். சரி. ஆப்பிரிக்கா எங்கே?" என்றார் வாத்தியார். விடவே மாட்டார்.

இதோ வந்துவிட்டது. 1948 மார்ச்சில் அவுந்த் பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. ராஜ்யம் போன இளவரசரை நேரு அதே ஆண்டு நைரோபிக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு சுதந்திர இந்தியாவின் முதல் கமிஷனர் அப்பா பந்த். கென்யா, உகாண்டா, தங்கனிக்கா, சான்சிபார் எல்லாம் அவர் பொறுப்பு. 72 ஊருக்குப் பஞ்சாயத்து அமைத்துப் பழகிய 36 வயதுக்காரர், ஓட்டுரிமையே இல்லாத கோடிக்கணக்கான கறுப்பர்களின் நடுவே போய் இறங்கினார்.

அவர் சும்மா இருக்கவில்லை. கென்ய விடுதலை இயக்கத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவோடும் கிக்குயுத் தலைவர் கொய்னாங்கேயின் குடும்பத்தோடும் பழகினார். ஆப்பிரிக்க மாணவர்கள் இந்தியக் கல்லூரிகளில் படிக்க உதவித்தொகைக்கு வழி செய்தார். இந்திய வியாபாரிகளிடம், இந்த நாட்டு மக்களோடு நில்லுங்கள் என்று ஓயாமல் சொன்னார். 1952 அக்டோபர் 20 அன்று மாவ் மாவ் எழுச்சிக்காக அவசரநிலை வந்தது, கென்யாட்டா கைதானார். அவர்மீது கப்பெங்குரியாவில் நடந்த வழக்கில் வாதாட பிரிட்டிஷ் இடதுசாரி வழக்கறிஞர் டி.என். பிரிட் வந்தார். டெல்லியிலிருந்து நேரு அனுப்பியவர் திவான் சமன்லால். 1920இல் ஏ.ஐ.டி.யு.சி.யைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். குடியேற்ற அரசு லண்டனுக்குப் புகார்மேல் புகார் அனுப்பியது. 1954இல் அப்பா பந்த் அங்கிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று.

நூல் கிடைத்துவிட்டது என்று நான் மார் தட்டினேன். வாத்தியார் அசையவில்லை. "அவர் அரசாங்க ஆள். தலைப்பு செங்கொடி. கொடி பிடிச்சவன் எங்கே?"

நியாயமான கேள்வி. கானாவில் நிக்ருமா 1949இல் மக்கள் மாநாட்டுக் கட்சி தொடங்கினார், தங்கனிக்காவில் நைரேரே 1954இல் தானு கட்சி தொடங்கினார். நைரோபியில் சோஷலிஸ்ட் என்று பலகை மாட்டிய கட்சி அன்று இல்லை. அங்கே அந்த வேலையைத் தொழிற்சங்கம் செய்தது, செய்தவர் மக்கன் சிங்.

பஞ்சாபில் குஜ்ரன்வாலா ஜில்லாவில் பிறந்து 1927இல் பையனாகக் கென்யா போனவர். அப்பாவின் அச்சகத்தில் வேலை. கையில் அச்சு எந்திரம் இருக்கிற கம்யூனிஸ்ட் எவ்வளவு ஆபத்தானவர் என்பதை நம் ஊர்ப் போலீசைக் கேட்டால் சொல்லும். துண்டறிக்கைகள் பஞ்சாபியிலும் குஜராத்தியிலும் மட்டுமல்லாமல் சுவாஹிலியிலும் கிக்குயுவிலும் வந்தன. அதுவரை இந்தியர்களுக்கென்று இருந்த சங்கத்தை 1935இல் 'கென்யா தொழிலாளர் சங்கம்' என்று மாற்றி, எந்த நிறத்துக்காரரும் சேரலாம் என்று கதவைத் திறந்தார்கள். இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே வேலைக்கு வெள்ளைக்காரருக்கு ஒரு கூலி, இந்தியருக்கு ஒரு கூலி, ஆப்பிரிக்கருக்கு ஒரு கூலி என்று பிரித்து வைத்திருந்த ஊர் அது. 1937இல் 62 நாள் வேலைநிறுத்தம் நடத்தி 15 முதல் 22 சதவீதம் கூலி உயர்வு வாங்கினார்கள். அதே ஆண்டுதான் டர்பனில் ஃபால்கர்க். இரண்டும் ஒரே ஆண்டில் நடந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

1939 கடைசியில் இந்தியா வந்தவரை இங்கிருந்த வெள்ளை அரசு 1940இல் பிடித்து உள்ளே போட்டது. 1947இல்தான் நைரோபி திரும்பினார். 1949 மே தினத்தில் பிரெட் குபாய் தலைவர், மக்கன் சிங் செயலாளர் என்று கிழக்கு ஆப்பிரிக்கத் தொழிற்சங்க காங்கிரஸ் பிறந்தது. 1950 ஏப்ரல் 23, கலோலெனி மண்டபம். ஆப்பிரிக்கர்களும் இந்தியர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு முழு விடுதலை, அதுவும் உடனே, என்று எழுந்து கேட்டவர் இந்தத் தலைப்பாகைக்காரர். மே 15 அன்று கைது. நைரோபி முழுக்க வேலைநிறுத்தம். வடக்கே லோகிடாங் என்ற பாலைவனத்து ஊருக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. அந்தக் கைதுக்கு மூன்று மாதம் முன்பு, 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். சுதந்திர இந்தியா, குடியரசாகிப் பதினாறு நாள். நைரோபியில் கென்யாட்டாவுக்குத் தோள் கொடுத்த அதே இந்தியா, சேலத்தில் செங்கொடிக்காரர்களைச் சிறைக்குள் வைத்துச் சுட்டது. நம் அரசுகளுக்குத் தூரத்துப் புரட்சி எப்போதும் இனிக்கும். மதில் இல்லாத சிறையைக் காந்தியின் ஆட்கள் ஒரு சமஸ்தானத்தில் நடத்திக் காட்டிச் சுமார் பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. அதிலிருந்து மாநில அரசு ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. இதைச் சொன்னபோது வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. டீக்கு அவரே காசு கொடுத்தார், அது வழக்கமில்லை.

அவுந்தின் பஞ்சாயத்தையும் நைரேரேயின் உஜாமா கிராமங்களையும் ஒப்பிட்டு எழுதலாம் என்று ஒரு பக்கம் ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். இரண்டுக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. ஆனால் ஒரு வரி மட்டும் விடுகிறேன். அவுந்தில் இருக்கிற கிராமத்துக்கு அதிகாரம் போனது. தங்கனிக்கா தான்சானியாவான பிறகு, 1970களில் மக்களை வீட்டோடு பெயர்த்துப் புதுக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். நைரேரேமீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த வேலைக்கு மட்டும் கிடையாது.

ஃபிரிட்மனைப் பாதியில் விட்டுவிட்டேன். அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. 1959க்குப் பிறகு திபெத் அகதிகளுக்குக் கர்நாடகத்தில் குடியிருப்பு அமைக்க அலைந்தார். கடைசியில் பம்பாயில் பீடிக்கடைக்காரர் நிசர்கதத்தரின் பேச்சுகளை 'ஐ ஆம் தட்' என்று 1973இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தெருவில் காபி குடிக்கிற வெளிநாட்டுக்காரர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களில் யாராவது ஒருவரிடம் சுதந்திரபுரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கை பரபரக்கிறது.

நேற்று மத்தியானத்திலிருந்து மின்சாரம் இல்லை. ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். ஃபால்கர்க் இந்த இதழில் வராது, மன்னியுங்கள். பொன்னனும் நாயுடுவும் எண்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்கள், இன்னும் ஏழு நாள் காத்திருப்பார்கள்.

மக்கன் சிங்கை 1961 அக்டோபர் 22 அன்றுதான் விட்டார்கள். பதினொன்றரை ஆண்டு. 1963இல் கென்யா விடுதலை பெற்றது. கென்யாட்டாவின் மந்திரிசபையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து கென்யத் தொழிற்சங்க வரலாற்றை எழுதினார், 1969இல் அச்சில் வந்தது. 1973இல் இறந்தார்.

(அடுத்த வாரம்: ஃபால்கர்க். கட்டாயம்.)