விரல் தவறினும் அழியாதிருக்க...

எருசலேம் நகரைப் பாபிலோனியப் படைகள் சூழ்ந்து நின்ற காலம் அது. இறைவாக்கினர் எரேமியா காவல்கூடத்து முற்றத்தில் அடைபட்டிருந்தார். அந்நிலையில், தம் உறவினர் அனமேலிடமிருந்து அனத்தோத்து ஊரிலிருந்த நிலமொன்றை 17 செக்கேல் வெள்ளி கொடுத்து அவர் வாங்கினார். விலைப் பத்திரம் இரண்டாக அமைந்தது. ஒன்று முத்திரையிடப்பட்டது, மற்றொன்று முத்திரையிடப்படாதது. நெடுநாள் அழியாதிருக்கும் பொருட்டு இரண்டையும் மண்கலமொன்றில் இட்டு வைக்குமாறு பாரூக்கை அவர் பணித்தார் என எரேமியா நூலின் 32ஆம் அதிகாரம் கூறுகிறது. நகரம் வீழப்போவதை அறிந்திருந்தவர் ஓர் ஏட்டின் மீது இத்துணைக் கவனம் செலுத்தியது ஏன்? அழிவுக்குப் பின்னும் மக்கள் வாழ்வார்கள், அவர்களுக்கு அந்த ஏடு தேவைப்படும் என்ற நம்பிக்கையே காரணம்.

இன்று நம் இல்லங்களின் மண்கலம் கணினியும் கைபேசியுமே. திருமணப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், நிலப் பத்திரங்களின் நகல்கள், மறைந்த தந்தையின் குரல் பதிவு ஆகிய அனைத்தும் அங்கேதான் குடியிருக்கின்றன. மண்கலத்தை உடைக்கவாவது ஓர் அடி வேண்டும். கணினியில் உள்ளதை அழிக்க ஒரு விரல் போதும். அதுவும் தீய எண்ணம் கொண்ட விரலாக இருக்க வேண்டியதில்லை. விளையாடும் குழந்தையின் விரலும், இடம் போதவில்லை என்று பழையவற்றை அவசரமாகக் களையும் இளைஞனின் விரலும் அதே வேலையைச் செய்துவிடும்.

அழிப்பு என்பது யாது?

ஒரு பெரிய பதிவேட்டின் முகப்பில் பொருளடக்கம் இருப்பதாகக் கொள்வோம். அங்கே ஒரு தலைப்பை அடித்துவிட்டால், உள்ளேயிருக்கும் பக்கம் உடனே மறைந்துவிடுவதில்லை. ஆயினும் எழுத்தர் அந்தப் பக்கத்தைக் காலியானதாகக் கருதி, அடுத்த செய்தியை அதன் மீதே எழுதிவிடுவார். பழைய வகை ஹார்டு டிஸ்கில் கோப்பை அழிப்பதும் இத்தகையதே. கோப்பின் பெயர் நீங்குகிறது. உள்ளடக்கமோ புதிய எழுத்து மேலேறும் வரை அங்கேயே கிடக்கிறது.

ஆதலின், முக்கியமான கோப்பொன்று தவறி அழிந்துவிட்டால் அக்கணமே அந்தக் கணினியில் எழுதுவதையும் படம் இறக்குவதையும் நிறுத்திவிட வேண்டும். மீட்புக்கான மென்பொருளையும் அதே டிஸ்கில் நிறுவலாகாது. நிறுவினால், தேடுகின்ற பொருளின் மீதே மண்ணைக் கொட்டியவராவோம். இக்காலக் கணினிகளில் பெரும்பாலும் காணப்படும் எஸ்எஸ்டி வகையிலோ இந்த நம்பிக்கையும் குறைவு. அழிக்கப்பட்ட இடத்தை அது தானே விரைவில் துடைத்துவிடக்கூடும். எனவே, மீட்பதை நம்பியிருப்பதைவிட முன்னரே காப்பதே அறிவுடைமை.

ஒரு தாயின் வீட்டுக் கணினி

பெரிய நிறுவனங்களுக்கு இத்தகைய விபத்து நேராது என்று எண்ணிவிட வேண்டாம். 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தார் 'டாய் ஸ்டோரி 2' என்னும் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தனர். ஒருநாள் யாரோ தவறான இடத்தில் ஓர் அழிப்புக் கட்டளையை இட்டுவிட்டார். திரையில் உட்டி என்னும் பொம்மையின் தொப்பி மறைந்தது. பின்னர் அதன் காலணிகள் மறைந்தன. முடிவில் பொம்மையே மறைந்தது. படத்தின் ஏறத்தாழ 90 விழுக்காடு அழிந்துபோயிற்று. காப்பு நகலைத் தேடினர். அதுவும் சில காலமாகச் சரிவரப் பதிவாகாமலிருந்தது அப்போதுதான் தெரியவந்தது.

அந்தப் படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களுள் ஒருவரான கேலின் சஸ்மன், குழந்தை பெற்றபின் வீட்டிலிருந்தே பணிபுரியும் பொருட்டுத் தம் வீட்டுக் கணினியில் படத்தின் நகலொன்றை வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வைகளால் சுற்றி, காரின் பின்னிருக்கையில் பத்திரமாக வைத்து நிறுவனத்திற்குக் கொண்டுவந்தனர். அதன் துணையால் படம் மீண்டது. 1999இல் திரைக்கும் வந்தது. இச்செய்தியை அந்நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான எட் கேட்மல் 2014இல் வெளிவந்த தம் நூலில் விவரித்துள்ளார்.

இதிலிருந்து நாம் கற்பவை இரண்டு. வேறோர் இடத்தில் இருக்கும் நகலே இடுக்கணில் உதவும். மேலும், நகல் இருக்கிறது என்று நம்பினால் மட்டும் போதாது. அவ்வப்போது திறந்து பார்த்தும் இருக்க வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவதாக, அழிக்குமுன் கேட்கச் செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் ரீசைக்கிள் பின் என்னும் குப்பைத் தொட்டியின் மீது வலப்புறப் பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ் பகுதிக்குச் சென்றால், அழிக்குமுன் உறுதி கேட்கும் வசதியைக் குறியிட்டு இயக்கலாம். பல கணினிகளில் இவ்வசதி தொடக்கத்தில் இயக்கப்பட்டிருப்பதில்லை.

இரண்டாவதாக, குப்பைத் தொட்டியின் எல்லையை அறிந்திருங்கள். ஷிஃப்ட் விசையோடு சேர்த்து டெலீட் விசையை அழுத்தினால், கோப்பு தொட்டிக்குச் செல்லாமல் நேரே நீங்கிவிடும். பென் டிரைவிலிருந்து அழிப்பவையும் பொதுவாகத் தொட்டிக்குச் செல்வதில்லை. பென் டிரைவை மட்டுமே நம்பிப் படங்களை வைத்திருப்போர் இதனைச் சிறப்பாகக் கருத்திற்கொள்க.

மூன்றாவதாக, பூட்டத்தக்கவற்றைப் பூட்டுங்கள். விண்டோஸ் கணினியில் கோப்புறையின் பிராப்பர்ட்டீஸ் பகுதியில் செக்யூரிட்டி என்னும் பிரிவு உண்டு. அங்கே அழிக்கும் உரிமையை மட்டும் மறுத்து வைக்கலாம். மேக் கணினியில் கோப்பின் விவரப் பகுதியிலுள்ள லாக்டு என்ற கட்டத்தைக் குறியிட்டால் போதும். நாள்தோறும் திருத்தி எழுதும் கோப்புகளுக்கு இப்பூட்டு பொருந்தாது. சில மென்பொருள்கள் திருத்தத்தைச் சேமிக்க இயலாமல் தடுமாறும். இனி மாற்றம் வேண்டாத பழைய படங்களுக்கும் ஆவணங்களுக்குமே இது ஏற்றது. எரேமியாவின் முத்திரையிட்ட பத்திரமும் திறந்த பத்திரமும் போல, மாறாதவற்றையும் மாறுபவற்றையும் வெவ்வேறு கோப்புறைகளில் வையுங்கள்.

நான்காவதாக, பிள்ளைகளுக்குத் தனிப் பயனர் கணக்கு அமைத்துக் கொடுங்கள். நிர்வாக உரிமையில்லாத கணக்கில் விளையாடும் சிறுவன், பெற்றோரின் கணக்கிலுள்ள கோப்புகளை அழிக்க இயலாது.

ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு

"எல்லாம் இணையச் சேமிப்பில் இருக்கிறது, எனக்கென்ன கவலை?" என்று சிலர் கூறுவர். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். கூகுள் டிரைவ் போன்ற சேவைகள் கணினியையும் இணையக் களஞ்சியத்தையும் ஒத்த நிலையில் வைத்திருப்பவை. ஓரிடத்தில் அழித்தால் மற்றோரிடத்திலும் அழியும். நிலைக்கண்ணாடியின் முன் நின்று ஒரு பூவைக் கிள்ளினால், கண்ணாடிக்குள் இருக்கும் பூ மட்டும் எஞ்சுமா?

கூகுள் போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை அழித்தால், கைபேசியிலிருந்தும் களஞ்சியத்திலிருந்தும் அது நீங்கும். களஞ்சியத்தில் சேமிக்கப்பட்ட படம் 60 நாள்கள் குப்பைத் தொட்டியில் இருக்கும்; அதற்குப்பின் கிடைக்காது. கூகுள் டிரைவில் இவ்வவகாசம் 30 நாள்களே. கைபேசியில் மட்டும் இடத்தைக் காலி செய்ய விரும்புவோர், அதற்கென்றே அச்செயலியில் உள்ள வசதியைப் பயன்படுத்துவதே முறை.

ஆகவே வல்லுநர்கள் 3-2-1 என்றொரு விதியைக் கூறுவர். அருமையான எதற்கும் மொத்தம் 3 நகல்கள் இருத்தல் வேண்டும். அவை 2 வேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் 1 வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். எளிய குடும்பத்திற்கும் இது இயலாததன்று. கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேற்றூரில் வாழும் மகள் வீட்டில் ஒன்று என வைத்தாலே விதி நிறைவேறிவிடும். அந்த ஹார்டு டிஸ்க் எந்நேரமும் கணினியோடு இணைந்திருத்தல் ஆகாது. நகலெடுத்ததும் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுங்கள். கழற்றி வைத்ததைத் தவறான கட்டளை தீண்டாது.

பங்கின் ஏடுகள்

இக்கடமை குடும்பங்களோடு முடிவதன்று. திருமணங்களைப் பதிவேட்டில் எழுதிப் பேணுமாறு 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் பங்குத்தந்தையரைப் பணித்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 535ஆம் சட்டத்தில், திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான ஏடுகளைப் பேணப் பணிக்கிறது. பழைய ஏடுகளையும் கவனமாகக் காக்குமாறு கூறுகிறது. ஒருவரது உறுதிபூசுதலும் திருமணமும் அவருடைய திருமுழுக்குப் பதிவிலேயே குறிக்கப்படுகின்றன. பங்கு ஆவணங்களின் பட்டியல் இரண்டாக எழுதப்பெற்று, ஒன்று கோவிலிலும் மற்றொன்று மறைமாவட்ட ஆவணக் காப்பகத்திலும் இருக்க வேண்டும் என்கிறது 491ஆம் சட்டம். கணினி வல்லுநர் கூறும் 'வேறோர் இடம்' திருச்சபைக்குப் புதியதன்று.

பங்கு அலுவலகக் கணினியில் பெயர்களைத் தட்டச்சு செய்து உதவும் இளைஞர் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்தம் தொண்டு போற்றத்தக்கது. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு வரி தவறி நீங்கினால், எங்கோ ஓர் ஊரில் திருமணத்திற்காகச் சான்று கேட்டு நிற்கும் ஒரு பெண்ணின் பெயர் கிடைக்காமற்போகும். எனவே, தட்டச்சு முடிந்ததென்று கையெழுத்து ஏடுகளைக் கறையானுக்கு விட்டுவிடலாகாது. நகலெடுக்கும் பொறுப்பைப் பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். மக்களின் தனிச் செய்திகள் அடங்கிய அந்த நகல், பங்குத்தந்தையின் அனுமதியின்றி எவரது கைபேசிக்கும் செல்லலாகாது.

இவற்றையெல்லாம் எப்போது செய்வது? மாதத்தின் முதல் வெள்ளியன்று திருப்பலிக்குச் செல்வது நம் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். அன்று மாலையில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஹார்டு டிஸ்கை எடுத்து அம்மாதத்துப் படங்களையும் ஆவணங்களையும் அதில் சேருங்கள். பழைய படம் ஒன்றையேனும் திறந்து, அது தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரியாத முகத்தை எந்தக் கணினியாலும் நமக்காக நினைவில் வைத்திருக்க இயலாது.