இருட்டும் ஈரமும்

ஏப்ரல், மே லீவில் டாப்ஸ்லிப் போய் மின்மினி பார்த்துவிட்டு வரலாமா என்ற பேச்சு இப்போது குடவாசல் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. தாராளமாகப் போகலாம். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்சம் உட்காருங்கள். அங்கே நடப்பது என்னவென்று தெரிந்துகொண்டு போனால், காண்பதும் கூடுதலாக இருக்கும்.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் உலாந்தி வனச்சரகம் என்று ஒன்று இருக்கிறது. டாப்ஸ்லிப் அதில்தான் வருகிறது. தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்கு முந்தைய வாரங்களில் அங்கே மின்மினிகள் லட்சக்கணக்கில் கூடுகின்றன. 2022 ஏப்ரலில் வனத்துறை இதை ஆய்வு செய்தது. அப்ஸ்காண்டிட்டா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை என்று கணித்தார்கள். ஒரு மரத்தில் பிடிக்கிற ஒளி அடுத்த மரத்துக்குத் தாவும், சரிவு முழுக்க ஓடும், சட்டென்று எல்லாம் அணையும், மறுபடி தொடங்கும். ஒளிப்படக் கலைஞர் ஸ்ரீராம் முரளி இதை 19 விநாடி வீதம் 50 தடவை படமெடுத்து ஒரே படமாகச் சேர்த்தார். 2023-ல் உலகக் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில், முதுகெலும்பில்லாத உயிர்களுக்கான பிரிவில் அந்தப் படம் வென்றது.

எல்லாம் ஒன்றாக மின்னுவதற்கு யார் தாளம் போடுகிறார்கள்? யாரும் இல்லை. கோயில் பஜனையில் முதலில் ஆளுக்கொரு பக்கம் கைதட்டி, யாரும் சொல்லாமலே சற்று நேரத்தில் ஒரே தட்டாகிவிடுவதைக் கேட்டிருப்பீர்கள். அதேதான். ஒவ்வொரு ஆண் பூச்சிக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பக்கத்துப் பூச்சி மின்னுவதைக் கண்டதும் தன் கடிகாரத்தைச் சற்று முன்பின்னாகத் தள்ளி வைத்துக்கொள்கிறது. 1960-களில் ஜான் பக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் மனைவி எலிசபெத்தும் தாய்லாந்தில் மின்மினிகளைப் பிடித்து, பாங்காக்கில் தாங்கள் தங்கியிருந்த ஓட்டல் அறையிலேயே விளக்கை அணைத்துவிட்டுப் பறக்க விட்டார்கள். முதலில் தாறுமாறு. பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவை இரண்டாக, மூன்றாகச் சேர்ந்து மின்னத் தொடங்கின.

ஒளி வருவது வயிற்றின் அடிப்பக்கத்துக் கடைசி வளையங்களிலிருந்து. லூசிஃபெரின் என்ற பொருளும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும், உடலின் எரிபொருளான ஏடிபியும் ஆக்சிஜனும் சேரும்போது வெளிச்சம் பிறக்கிறது. சூடு அநேகமாக இல்லை. ஆண் மின்னிக் கேட்கும். பல இனங்களில், இலையில் உட்கார்ந்திருக்கும் பெண் மின்னிப் பதில் சொல்லும். வளர்ந்த பூச்சிக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். பல இனங்களில் அந்த நாட்களில் சாப்பாடே கிடையாது.

நாம் கொண்டாடுவதெல்லாம் அந்தக் கடைசிச் சில வாரத்தை. அதற்கு முந்தைய மாதக்கணக்கான வாழ்க்கை, சில இனங்களில் ஓர் ஆண்டுக்கும் மேல், தரையில் புழுவாகக் கழிகிறது. எனக்கு இதுதான் இதன் பெரிய கதை. தட்டையாக, கறுப்பாக, ஓடு அடுக்கியதுபோல் வளையம் வளையமாக இருக்கும் அந்தப் புழு, நத்தை விட்டுப்போன பிசுபிசுப்பான தடத்தை மோப்பம் பிடித்துப் போகும். நத்தையை எட்டியதும் அரிவாள் போல வளைந்த தாடையால் அதன் மெத்தென்ற சதையில் கடிக்கும். தாடைக்குள் நுண்ணிய குழாய் உண்டு. அதன் வழியாக இறங்கும் நஞ்சில் நத்தை மரத்துப்போகும், சதை கூழாகக் கரையும், புழு அதைக் குடித்துவிடும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய நத்தையையும் விடாது. இந்தப் புழுவும் மின்னும். ஜோடி தேட அல்ல, ‘என்னைத் தின்னாதே, கசப்பேன்’ என்று எச்சரிக்க.

இப்போது நம் ஊர்ச் சோழசூடாமணி ஆற்றங்கரைக்கு வாருங்கள். நெல் வயல், வாய்க்கால், வரப்போரத்து மூங்கில் கொத்து, அதன் அடியில் மட்கிய சருகு, ஈரம், நத்தை. மின்மினிக்கு வேண்டியதெல்லாம் இங்கேயும் உண்டு. மழை விட்ட இரவுகளில் இந்த வயல்வெளி முழுக்க மின்னியதைச் சொல்லாத பெரியவர்கள் இந்தப் பக்கம் குறைவு. தூக்கணாங்குருவி ஈரக் களிமண்ணில் மின்மினியை ஒட்டிக் கூட்டுக்கு விளக்கேற்றும் என்று அவர்கள் சொல்லும் கதையில் களிமண் நிஜம். அந்தக் குருவி கூட்டுக்குள் களிமண் அப்புகிறது. விளக்குதான் கற்பனை. ஆனாலும் கை எட்டும் தூரத்தில் மின்மினி இருந்த ஊரில்தான் அப்படி ஒரு கதை பிறக்க முடியும்.

இன்றைக்கு மின்மினி குறைந்திருப்பதற்குக் காரணம் ஒன்றல்ல. வயலில் தூவும் குருணை மருந்து மண்ணுக்குள் இறங்குகிறது. புழு இருப்பதும் மண்ணில்தான். களைக்கொல்லி அடித்து வரப்பை மொட்டையாக்கினால் சருகும் ஈரமும் போகும். மிச்சத்தைத் தெருவிளக்கு பார்த்துக்கொள்கிறது. எல்.இ.டி.யின் வெள்ளை வெளிச்சத்தில் ஆண் மின்னுவது பெண்ணுக்குத் தெரியாது, பெண் தரும் பதில் ஆணுக்குத் தெரியாது. இரண்டும் சந்திக்காமலே அந்த வாரங்கள் முடிந்துவிடும். உலக அளவில் ஆய்வாளர்கள் சொல்லும் முதல் மூன்று காரணங்களும் இவைதான்: வாழிடம் அழிவது, செயற்கை வெளிச்சம், பூச்சிக்கொல்லி.

டாப்ஸ்லிப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். அது யானையும் சிறுத்தையும் நடமாடும் காடு. இரவில் நம் இஷ்டத்துக்கு இறங்கி நடக்க அனுமதி கிடையாது. வனத்துறை அனுமதிக்கிற இடத்தில், அவர்களுடைய ஆட்களோடு மட்டும்தான். செல்போன் வெளிச்சம் வேண்டாம், ஃபிளாஷ் அறவே வேண்டாம். டார்ச் அவசியமென்றால் கண்ணாடியில் சிவப்புத் தாளைக் கட்டித் தரையைப் பார்த்துப் பிடியுங்கள். சிவப்பு மின்மினியின் கண்ணை அவ்வளவாக உறுத்தாது. தடத்தைவிட்டு விலகிச் சருகை மிதிக்காதீர்கள், புழுவும் முட்டையும் அங்கேதான். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், அதுவரை பொறுத்திருங்கள். பிடித்துப் பாட்டிலில் போட்டுக் கொண்டுவரப் பிள்ளைகளை விடாதீர்கள்.

திரும்பி வந்ததும் கொல்லைப்புறத்தில் ஒரு மூலையைக் கூட்டாமல் விட்டு வையுங்கள். மூங்கிலோ வாழையோ, அடியில் சருகு, பக்கத்தில் தண்ணீர் தேங்காத ஈரம். அந்தப் பக்கத்து பல்பை மழைக்காலத்தில் பொழுது சாய்ந்ததிலிருந்து ஒன்பது மணிவரை அணைத்து வைத்தால் போதும். பெண் பூச்சி முட்டையிடத் தேடுவது அப்படிப்பட்ட மண்ணைத்தான். முதல் வருஷமே வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; புழு வளரவே பல மாதம் வேண்டும்.