பத்துக் கஜப் பாவாடையும் பாசிமணியும்

அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்து மாதர் சிலர் ஆடத் தொடங்கிய ஒரு நடனத்தின் உடுப்பைப் பற்றி, அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் குடியிருக்கும் நாம் ஏன் சிந்திக்க வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த உடுப்பைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். அதில் அமெரிக்காவினுடையது என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் அதை ஒன்றுசேர்த்த யோசனைதான். ரவிக்கை நம்முடையது, பாவாடை நம்முடையது, கண்ணாடிச் சில்லும் சோழியும் மணியும் நம்முடையவை. இப்படிச் சொல்லி நாம் மார்தட்டிக் கொள்ளலாமென்றால், உடனே இன்னொரு கேள்வி குறுக்கே நிற்கிறது. நம்முடையது என்றால், நம்மில் யாருடையது?

முதலில் நடனத்தைப் பற்றிச் சிறிது. எகிப்து முதலிய நாடுகளில் பெண்கள் இல்லத்து விசேஷங்களிலும் திருவிழாக்களிலும் ஆடிவந்த ஆட்டத்தை, அதில் இடுப்பும் வயிறும் அசைவதொன்றையே கண்ட பிரெஞ்சுக்காரர் 'வயிற்று நடனம்' என்று அழைத்தார்கள். 1893-ல் சிகாகோ நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சி இப்பெயரை அமெரிக்கா எங்கும் பரப்பியது. அதே கண்காட்சியை ஒட்டிக் கூடிய சர்வமத மகாசபையில்தான் சுவாமி விவேகானந்தர் பேசினார். கீழ்த்திசையின் வேதாந்தத்தையும் நடனத்தையும் ஒரே ஆண்டில், ஒரே ஊரில் கண்ட அமெரிக்கர்கள், இரண்டில் எதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்பதை அவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

பின்னர் இந்நடனம் கேளிக்கை விடுதிகளுக்குள் புகுந்து, ஜிகினாவும் சல்லாத் துணியுமாகப் பளபளத்தது. அதற்கு மாறாக, 1968-ல் ஜமீலா ஸலிம்பூர் என்ற மாது கலிபோர்னியாவில் 'பால் அனத்' என்னும் குழுவை அமைத்து, நாட்டுப்புறத் திருவிழாவின் சாயலில் ஆட்டத்தை மேடையேற்றினார். அவருடைய மாணவி மாஷா ஆர்ச்சர்; ஆர்ச்சரின் மாணவி கரோலினா நெரிக்கியோ. இந்த நெரிக்கியோ 1987-ல் தொடங்கிய குழுவே 'டிரைபல் ஸ்டைல்', அதாவது பழங்குடிப் பாணி என்று பெயர் பெற்ற நடனத்துக்குப் பிறப்பிடம். இதில் தனியொருத்தி நின்று அழகு காட்டுவதில்லை. பலர் சேர்ந்து ஆடுவர். முன் நிற்பவள் கையசைவாலும் தலையசைவாலும் குறிப்புக் காட்ட, மற்றவர் அக்கணமே அவளைத் தொடர்வர். எழுதி வைத்த வரிசை கிடையாது. விரல்களில் சிறு பித்தளைத் தாளங்கள் ஒலிக்கும். இந்த முறையில் உள்ள தோழமை நமக்குப் பிடித்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சென்னையிலும் இவ்வகை நடனங்களைத் தேகப்பயிற்சியாகக் கற்கும் பெண்கள் இருக்கிறார்கள். வயிறு தெரிகிறதே என்று முகம் சுளிக்கும் பாட்டிமார், தாம் உடுத்தியிருக்கும் புடவையைச் சற்றுக் குனிந்து பார்த்துக்கொண்டு பிறகு பேசுவது நலம்.

இனி உடுப்புக்கு வருவோம்.

முதலாவது ரவிக்கை. முதுகுப்புறம் முழுதும் திறந்து, கழுத்திலும் முதுகிலும் கயிறுகளால் முடிந்துகொள்வது. இது கட்ச், ராஜஸ்தானம் முதலிய பிரதேசங்களில் கால்நடை மேய்க்கும் இனத்துப் பெண்கள் அன்றாடம் அணிந்துவந்த ரவிக்கையே. லம்பாடிப் பெண்கள் இதைக் 'காஞ்சளி' என்பார்கள். இதைத் தைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்டம் முழுதும் கைகள் தோளுக்கு மேலேயே நிற்கும். ஆகையால் கைக்குழியின் அடியில் சதுரமான ஒரு துண்டை மூலைவாட்டில் வைத்துத் தைக்காவிட்டால், கையைத் தூக்கும்போதெல்லாம் ரவிக்கையும் கூடவே ஏறிவிடும். வெயிலில் குடம் தூக்கிய பெண்கள் கண்டுபிடித்த இந்த உபாயத்தை நம்மூர்த் தையற்காரர் பலர் மறந்துவிட்டனர்.

இரண்டாவது பாவாடை. இதன் கணக்கு எமது வகுப்பில் கொடுக்கத்தக்க கணக்கு. நான்கு அடுக்குகள், ஒவ்வோர் அடுக்கும் மேலுள்ளதைப் போல் இருமடங்கு நீளம், அதைச் சுருக்கி மேலடுக்கோடு இணைக்க வேண்டும். இடுப்பில் 45 அங்குலம் என்று தொடங்கினால் அடுத்தது 90, பிறகு 180, கடைசி 360 அங்குலம். அதாவது, பாதத்தைச் சுற்றிவரும் விளிம்பு 10 கஜம்! கேட்டால் மலைப்பாயிருக்கும், துணியோ அவ்வளவு வேண்டியதில்லை. நான்கையும் கூட்டினால் 675 அங்குலம். 45 அங்குல அகலமுள்ள துணியை நீளவாட்டில் நான்கு பட்டைகளாகக் கிழித்தால், 4¾ கஜத்திலேயே அத்தனையும் கிடைத்துவிடும். ஒரு 6 கஜ நூல் புடவையில் பாவாடையும் முடிந்து, மிச்சமுள்ள ஒன்றேகால் கஜத்தில் ரவிக்கையும் முடியும். பீரோவின் அடியில் உறங்கும் பழைய சுங்குடிக்கு இதைவிட நல்ல கதி கிடையாது. அமெரிக்க ஆட்டக்காரிகள் 25 கஜ விளிம்புள்ள பாவாடையும் உடுத்துகிறார்கள்; அதற்கு அடுக்குக்கு அடுக்கு இரண்டரை மடங்குக்கு மேல் பெருக்கிப் பத்துக் கஜத் துணி எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் விளிம்பை மடித்துத் தைத்து முடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பாவாடைக்குள்ளே, கணுக்காலில் சுருக்கிய தொளதொளப்பான கால்சட்டை ஒன்றும் உண்டு.

தையல் இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் புதிதன்று. ஆவடியில் 1961 முதல் ராணுவ உடுப்புத் தொழிற்சாலை நடக்கிறது. 1964-ல் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் உடுப்பு தைத்துக் கப்பலேற்றும் சாலைகள் தோன்றின. அங்கே தைத்துத் தேர்ந்த கை, வீட்டிலொரு இயந்திரம் வைத்துக்கொண்டு அண்டை அயலாருக்கும் தைக்கிறது. ஆயிரம் சட்டையை ஒரே அச்சாகத் தைப்பவர்களிடம் ஒரே ஒரு பாவாடையைக் கொடுத்தால் ஆசையோடு தைப்பார்கள் என்பது எமது அனுபவம்.

மூன்றாவதாகிய இடைக்கச்சையில்தான் விஷயம் கனக்கிறது. கெட்டித் துணிப் பட்டையின்மேல் கண்ணாடி பதித்த வட்டங்களும், சோழி வரிசைகளும், கம்பளி நூற் குஞ்சங்களும் தொங்கும். இடுப்பு ஓரங்குலம் அசைந்தால் குஞ்சம் ஓரடி அசையும், அதற்காகவே குஞ்சம். பளு மிகுதியாகையால் கொக்கி தாங்காது. முடிகயிறுதான் வைக்க வேண்டும். கண்ணாடிச் சில்லில் துளை கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக நான்கு நூல் போட்டு அதைத் துணியோடு சிறைப்படுத்தி, பிறகு அந்த நூல்களையே பற்றிக்கொண்டு சுற்றிலும் சங்கிலிபோல் தைத்து வருவார்கள். குஜராத்தில் கபட்வஞ்ச் என்னும் ஊரில், கண்ணாடியைப் பெரிய குமிழாக ஊதி, உள்ளே ரசம் பூசி, உடைத்துச் சில்லாக்குவது பழைய முறை. அதனால் பழைய சில்லுகள் சற்றே வளைந்திருக்கும். ஒளியும் கண்ணைக் குத்தாமல் மென்மையாக மின்னும்.

இக்கச்சைக்கு அமெரிக்காவில் பெயர்போன சரக்கு எது தெரியுமா? பஞ்சாரா என்றும் லம்பாடி என்றும் அழைக்கப்படும் நம் நாடோடி மக்களின் பழைய பூத்தையல். எருதுகளின்மேல் உப்பும் தானியமும் ஏற்றித் தேசம் முழுதும் திரிந்த வணிகர் அவர்கள். இருப்புப்பாதை வந்தது; எருது வாணிகம் மாண்டது. 1871-ல் ஆங்கில அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற ஒன்றை இயற்றி, நாடோடி இனங்கள் பலவற்றைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிந்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-ல்தான் நீங்கியது. தேசம் முழுதும் நீங்கியது 1952-ல். வறுமை வந்த வீட்டில் பாட்டியின் கல்யாணப் பூத்தையல் விலைக்குப் போகும். போன துணியை வியாபாரி சதுரம் சதுரமாக வெட்டுவான். சதுரங்கள் கடல் கடந்து, ஒருத்தியின் இடுப்பில் ஏறி, மேடையில் ஆடும். அதைத் தைத்தவள் பெயர் வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிடும்.

இப்படி உதிர்ந்ததை மீண்டும் பொறுக்கியெடுத்த ஓரிடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. தர்மபுரி ஜில்லாவில் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்டிலிங்கி என்னும் பள்ளத்தாக்கு உண்டு. 1993-ல் அங்கே சென்று மருத்துவப் பணி தொடங்கிய டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் துணைவியார் டாக்டர் லலிதாவும், அவ்வூர் லம்பாடிப் பெண்கள் தம் தாயார் தைத்த தையலையே மறந்துவிட்டதைக் கண்டனர். இரண்டொரு மூதாட்டிகளுக்கே கை நினைவு இருந்தது. அவர்களிடமிருந்து இளையவர்கள் கற்று, 2006-ல் 'போர்கை' என்னும் அமைப்பைத் தொடங்கினர். லம்பாடி மொழியில் இதற்குப் பெருமை என்று பொருள். கர்நாடகத்தில் சாந்தூர் லம்பாடித் தையலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆகவே பழம் துணியை வெட்ட வேண்டியதே இல்லை. தைக்கத் தெரிந்தவர்களிடம் புதிதாகத் தைக்கச் சொல்லி, கேட்ட கூலியைக் கொடுக்கலாம். நாள் அதிகம் பிடிக்கும். பிடிக்கட்டுமே!

நகைகளுக்கு வருவோம். ஆப்கானிய நாடோடிப் பெண்களின் கனத்த பதக்கங்களே இந்நடனத்தில் உயர்ந்தவை என்று கருதப்படுகின்றன. 1979-க்குப்பின் யுத்தத்துக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகள் வயிற்றுக்காக விற்ற சீதனப் பொருள்கள் அவற்றுள் எத்தனையோ. அவற்றைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. ஆவடியிலும் திருவேற்காட்டிலும் நரிக்குறவர் குடியிருப்புகள் உள்ளன. இவர்கள் வீட்டில் பேசும் வாக்ரி மொழி குஜராத்திக்கு உறவு. கட்ச் ரவிக்கையின் ஊருக்கும் நம்மூர்ப் பாசிமணிக்கும் இப்படி ஒரு பழைய ஒட்டு! வேட்டையே தொழிலாயிருந்த இவர்களுக்கு 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், ஊசியும் பாசியுமே முதன்மையான பிழைப்பாயின. குறடும் கம்பியும் கொண்டு அவர்கள் மணி கோக்கும் வேகத்தைக் கண்டவர் அறிவர். பட்டியல் பழங்குடிகளில் சேர்க்குமாறு நெடுங்காலம் கேட்டுவந்த அவர்களுக்கு, 2022 டிசம்பரில் பாராளுமன்றம் இசைந்து, 2023 ஜனவரியில் அது சட்டமாயிற்று. அதற்கு முன், 2022 ஏப்ரலில், முதலமைச்சராயிருந்த திரு மு. க. ஸ்டாலின் ஆவடிக் குடியிருப்புக்கு வந்து ஒரு வீட்டில் சிற்றுண்டி அருந்தினார்; படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. நாமோ பஸ் நிலையத்தில் அவர்கள் மாலையை நீட்டினால், விலை கேட்கும்முன்பே பாதியாகக் குறைக்கப் பார்க்கிறோம். துணிக்கடையில் அச்சிட்ட விலைக்கு வாய் திறக்காத நாம்!

இனிப் பெயர் விஷயம். 'பழங்குடிப் பாணி' என்றார்களே, எந்தப் பழங்குடி? இந்த உடுப்பை இதே வடிவில் உடுத்திய குடி உலகத்தில் எதுவும் கிடையாது. இதை அவர்களே உணர்ந்து, 2020-ல் நெரிக்கியோ அம்மையார் அப்பெயரைக் கைவிட்டுத் தம் குழுவின் பெயரையே நடனத்துக்கு வைத்துக்கொண்டார். அவர்களை நாம் எள்ளி நகையாட இடமில்லை. கரகாட்டத்தோடு ஆடப்பட்டுவந்த 'குறவன் குறத்தி ஆட்டம்', ஒரு சமூகத்தின் பெயரை ஆபாசத்துக்குத் திரையாக்கியது என்ற குறை எழுந்து, 2023 மார்ச்சில்தான் தமிழ்நாடு அரசு அதை நாட்டுப்புறக் கலைப் பட்டியலிலிருந்து நீக்கியது. குறவர் வேறு, நரிக்குறவர் வேறு என்பதைக்கூட நம்மில் பலர் அறியார். பள்ளி ஆண்டு விழா வந்ததும், வாடகைக் கடையில் 'குறத்தி டிரெஸ்' என்று கேட்டு வாங்கி, நம் குழந்தைக்கு மாட்டிப் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த வகுப்பிலேயே அவ்வினத்துக் குழந்தை ஒன்று அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் முகத்தை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆட விரும்பும் பெண்மணிகள் தாராளமாக ஆடட்டும். தலைப்பாகைக்குப் பதில் தலை நிறையப் பூச்சூடுவதும் இந்நடனத்தில் இப்போது வழக்கம். பூவிருந்தவல்லிக்காரர்களுக்கு அதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. உடுப்பை மேற்சொன்ன முறையில் வீட்டிலே தைத்துக்கொள்ளலாம். மணிமாலை மட்டும் கடையில் ஆயத்தமாக வாங்காமல், கோப்பவர்களிடமே அளவு சொல்லிச் செய்துகொள்ளுங்கள். இடுப்புக்கான சரம் இறுக்கமாக இருந்தால் முதல் சுழற்சியிலேயே அறுந்துவிடும்; ஆகையால் அளவெடுக்கும்போது இரண்டு விரல் இடம் விட்டுக் கோக்கச் சொல்லுங்கள். கோத்துத் தரும் அம்மாளின் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டால், அறுந்த அன்று யாரிடம் போவது என்று தெரியும்.